மின்சாரம் திரும்பியதும் திணறும் டைரக்டரி சர்வர்

தென்னாப்பிரிக்காவில் கணினி அமைப்புகளைப் பராமரிக்கும் எவருக்கும் மின்வெட்டைக் கணக்கில் கொள்ளாமல் எதையும் திட்டமிட முடியாது. 2007 இறுதியில் தொடங்கி நாடெங்கும் அவ்வப்போது நடைமுறைக்கு வந்த ‘லோட் ஷெடிங்’ என்ற சுழற்சிமுறை மின்வெட்டு 2023இல் மிகக் கடுமையாக இருந்தது. 2024 மார்ச் இறுதிக்குப் பின் பல மாதங்கள் அது நிறுத்தப்பட்டிருந்தாலும், கேபிள் திருட்டினாலும் துணைமின் நிலையப் பழுதினாலும் ஒரு பகுதி மட்டும் இருளில் மூழ்குவது ஜோகன்னஸ்பர்க்கில் இன்றும் தொடர்கிறது. மின்சாரம் போகும்போது என்ன செய்வது என்பதை இங்குள்ள நிறுவனங்கள் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டன. யுபிஎஸ், இன்வெர்ட்டர், டீசல் ஜெனரேட்டர் எல்லாம் இருக்கின்றன. ஆனால் மின்சாரம் திரும்பி வந்த பிறகான அரை மணி நேரத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அந்த அரை மணி நேரத்தில் முதலில் திணறுவது பெரும்பாலும், ஊழியர்களின் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் வைத்திருக்கும் டைரக்டரி சர்வர்தான் என்பது என் அனுபவம். அதன் இணைப்பு வரம்பு ஏன் நிரம்புகிறது, நிரம்பியிருப்பதை எப்படிக் கண்டுகொள்வது, எதை எந்த வரிசையில் சரிசெய்வது என்பதை, இதே வேலையில் இருக்கும் தமிழர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் அமைப்பு எளிமையானது. ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு தலைமை அலுவலகம். அங்கே லினக்ஸில், எல்டாப் என்ற டைரக்டரி நெறிமுறைக்கான திறந்த மூல மென்பொருளான ஓப்பன்எல்டாப்பை இயக்கும் சர்வர்கள். லெனேசியா, பெனோனி, பிரிட்டோரியா, டர்பன் எனப் பல இடங்களில் கிளைகள். ஊழியர்களின் லாகின், மின்னஞ்சல், சரக்குக் கணக்கு மென்பொருள், வைஃபை, அச்சு இயந்திரங்களின் முகவரிப் பட்டியல் என்று எல்லாமே அந்த டைரக்டரியைக் கேட்டுத்தான் இயங்குகின்றன. சர்வர் அறைக்கு ஜெனரேட்டர் உண்டு. கிளைகளில் சிலவற்றுக்கு மட்டுமே மாற்று மின்சாரம் உண்டு. இனி நான் சொல்லப்போவது அனைத்தும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்து பிறப்பவை.

முதலில் எல்டாப் நெறிமுறையின் இயல்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993இல் முதன்முதலாக ஆவணப்படுத்தப்பட்ட இந்த நெறிமுறை, எக்ஸ்.500 என்ற கனமான டைரக்டரி தரநிலைக்கு, இணையத்தின் அடிப்படை இணைப்பு நெறிமுறையான டிசிபி வழியாக எளிதாகச் சென்றுசேரும் வழியாக அமைந்தது. வலைப்பக்கத்தைக் கேட்பதுபோல் கேட்டுப் பெற்றுப் பிரிந்துவிடும் வழக்கம் இதில் கட்டாயமில்லை. ஒரு பயன்பாடு டிசிபி இணைப்பைத் திறந்து, பைண்ட் செய்து தன்னை அடையாளம் காட்டிய பிறகு, அந்த அடையாளம் இணைப்பு இருக்கும்வரை அதனுடனேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதே இணைப்பில் எத்தனை தேடல்களை வேண்டுமானாலும் அனுப்பலாம், மணிக்கணக்கில் ஒன்றும் அனுப்பாமலும் வைத்திருக்கலாம். ஆகவே டைரக்டரி சர்வரின் இணைப்புகள் நெடுநேரம் வாழ்பவை. ஒவ்வொரு இணைப்பும் சர்வர் புரோசஸின் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டரை, அதாவது திறந்த கோப்பையோ இணைப்பையோ குறிக்க இயங்குதளம் தரும் எண்ணை, பிடித்துக்கொள்கிறது. அந்த டிஸ்கிரிப்டர்களுக்கு இயங்குதளம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள லினக்ஸில் தனியாக எதுவும் சொல்லாவிட்டால் ஒரு சேவைக்குக் கிடைக்கும் மென்வரம்பு 1024தான். தரவுத்தளக் கோப்புகளும் நகல் சர்வர்களுக்கான இணைப்புகளும் அதில் சிலவற்றை எடுத்துக்கொண்டது போக மீதிதான் பயனர்களுக்கு.

வரம்பு நிரம்பும்போது தெரியும் அறிகுறி பலரை ஏமாற்றிவிடும். சர்வர் நின்றுவிட்டதுபோல் தோன்றாது. பிங் போகும். எல்டாப்பின் சாதாரண வாசலான 389ஆம் போர்ட்டும், குறியாக்கம் செய்த வாசலான 636ஆம் போர்ட்டும் திறந்திருப்பதாகவே சோதனைக் கருவிகள் சொல்லும். கண்காணிப்புத் திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆனால் லாகின் திரை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். காரணம் இதுதான்: புதிதாக வரும் டிசிபி இணைப்புக்கான கைகுலுக்கலை முடித்து வைப்பது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல். அதை வரிசையிலிருந்து எடுத்துத் தன் பொறுப்பில் ஏற்பது சர்வர் புரோசஸ். டிஸ்கிரிப்டர் தீர்ந்துபோன நிலையில் கைகுலுக்கல் நடந்துவிடுகிறது, ஏற்பது நடப்பதில்லை. பயன்பாட்டின் பக்கத்தில் இணைப்பு கிடைத்துவிட்டதாகவே தெரிகிறது. அனுப்பிய பைண்ட் கோரிக்கைக்குப் பதில் மட்டும் வருவதில்லை. போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கண்காணிப்பு டைரக்டரி சர்வருக்குப் போதாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். உண்மையாகவே பைண்ட் செய்து, ஒரு சிறிய தேடலை நடத்தி, அதற்கு ஆன நேரத்தையும் குறித்துக்கொள்ளும் சோதனைதான் வேண்டும்.

லாகைத் திறந்தால் செய்தி தெளிவாகவே இருக்கும். ஓப்பன்எல்டாப்பில் அக்செப்ட் தோல்வியுற்றது, பிழை எண் 24, ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று வரும். அல்லது டிஸ்கிரிப்டர் அட்டவணையின் அளவைத் தாண்டிவிட்டது என்று ஒரு வரி இருக்கும். ‘389 டைரக்டரி சர்வர்’ என்ற பெயருடைய இன்னொரு மென்பொருள் இன்னும் வெளிப்படையாக, திறந்த டிஸ்கிரிப்டர்கள் மிகுந்துவிட்டதால் புதிய இணைப்புகளுக்குச் செவிசாய்க்கவில்லை என்றே எழுதிவிடும். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி வேறு வழியைப் பின்பற்றுகிறது. அதன் எல்டாப் கொள்கையில் டொமைன் கன்ட்ரோலர் எனப்படும் அதன் ஒரு சர்வருக்கு 5000 இணைப்புகள் என்பது இயல்பான உச்சம். அதற்கு மேல் ஒன்று வந்தால் ஏற்கெனவே இருக்கும் வேறொன்றை அது கைவிட்டுவிடும். அங்கே புதியவர் காத்திருப்பதற்குப் பதிலாகப் பழையவர் காரணமின்றி வெளியேற்றப்பட்டதாக உணர்வார். எனவே குறை சொல்பவர் யார், அவருக்கு நடந்தது என்ன என்று கேட்டாலே எந்த வகைச் சர்வர் என்பதைப் பாதி ஊகித்துவிடலாம்.

இந்தக் கட்டத்தில் எல்லோர் மனத்திலும் எழும் முதல் எண்ணத்தை, என்னுடன் பணிபுரியும் திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவர் அப்படியே சொன்னார்.

“அண்ணே, 1024ஐ 65536 ஆக்கிட்டா சரியாப் போயிரும்லா?”

“ஆக்கலாம் தம்பி. ஆனா அந்த 1024ஐயும் யாரு பிடிச்சு வச்சிருக்காங்கன்னு முதல்ல பாத்துருவோம்.”

வரம்பை உயர்த்துவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஓரளவு பெரிய நிறுவனத்துக்கு 1024 மிகவும் குறைவு. கடைசியில் நாங்களும் உயர்த்தினோம். ஆனால் உயர்த்தியவுடன் அறிகுறி மறைந்துவிடும், அறிகுறியோடு சாட்சியமும் மறைந்துவிடும் என்பதுதான் என் கவலை. இணைப்புகளைக் கசியவிடும் ஒரு பயன்பாடு இருக்குமானால், அது 1024ஐ ஒரு நாளில் நிரப்பியது போலவே 65536ஐயும் இரண்டே மாதங்களில் நிரப்பிவிடும். அப்போது அந்தப் பெருங்கூட்டத்துக்குள் குற்றவாளியைத் தேடுவது இன்னும் கடினம்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. லினக்ஸின் எஸ்எஸ் கட்டளை, 636ஆம் போர்ட்டில் நிலைபெற்றிருக்கும் இணைப்புகளை மறுமுனை முகவரியோடு பட்டியலிடும். அதை முகவரிவாரியாக எண்ணினால் கூட்டம் எங்கிருந்து வருகிறது என்பது உடனே தெரியும். அதே கட்டளையில் உள்விவரங்களைக் கேட்டால், ஒவ்வொரு இணைப்பிலும் மறுமுனையிலிருந்து கடைசியாக ஏதேனும் வந்து எத்தனை மில்லி விநாடிகள் ஆயின என்பதையும் காட்டும். நான் முதலில் நோக்குவது அந்த எண்ணைத்தான். ஒரு கிளையின் இணைப்புகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே கணத்தில் பேச்சை நிறுத்தியிருந்தால், அந்தக் கணம் அந்தப் பகுதியின் மின்வெட்டு அட்டவணையோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தினால் அவை இறந்துபோன இணைப்புகள்.

இறந்த இணைப்பு எப்படி உண்டாகிறது? ஒரு பயன்பாடு முறையாக விடைபெறும்போது அன்பைண்ட் அனுப்புகிறது. அதன் டிசிபி அடுக்கு முடிவுச் செய்தியை அனுப்புகிறது. சர்வர் டிஸ்கிரிப்டரை விடுவிக்கிறது. மின்சாரம் திடீரென்று போகும்போது இவற்றில் எதுவும் நடப்பதில்லை. பெனோனியில் ஒரு கணினி அணைந்துவிட்டது என்ற தகவல் ஜோகன்னஸ்பர்க் சர்வருக்கு எந்த வழியிலும் வந்து சேராது. மௌனமாக இருக்கும் இணைப்புக்கும் இறந்துபோன இணைப்புக்கும் சர்வரின் பார்வையில் எந்த வேறுபாடும் இல்லை. ஏனென்றால் மௌனமாக இருக்க எல்டாப் இணைப்புக்கு முழு உரிமை உண்டு. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர் எழுந்து போன பிறகும் இலையை எடுக்காமல் விட்டால், வாசலில் எத்தனை பேர் காத்திருந்தாலும் அந்த இடம் நிரம்பிய இடம்தான்.

கணினிகளுக்கு மாற்று மின்சாரம் இருந்து, கிளையின் ரௌட்டருக்கு மட்டும் இல்லாத இடங்களும் உண்டு. அங்கே பயன்பாடு உயிரோடிருக்கிறது. பதில் வராததால் சலித்துப்போய் இணைப்பை மூடிவிடுகிறது. ஆனால் மூடும் செய்தி ரௌட்டரைத் தாண்ட முடியவில்லை. கெர்னல் அதைச் சில நிமிடங்கள் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். விளைவு ஒன்றுதான். சர்வரின் பக்கத்தில் அந்த இணைப்பு நிலைபெற்ற இணைப்பாகவே நீடிக்கிறது.

இதைத் தானாகக் கண்டுபிடிக்க டிசிபியில் கீப்அலைவ் என்ற ஏற்பாடு உண்டு. ஓப்பன்எல்டாப் தன் இணைப்புகளில் அதை இயக்கியும் வைக்கிறது. ஆனால் லினக்ஸின் இயல்பு மதிப்புகளைப் பாருங்கள். இணைப்பு 7200 விநாடிகள் மௌனமாக இருந்த பிறகுதான் முதல் சோதனைப் பொட்டலம் போகும். பதில் இல்லையென்றால் 75 விநாடிக்கு ஒன்றாக மொத்தம் 9 முறை முயன்ற பிறகே இணைப்பு இறந்ததாக அறிவிக்கப்படும். கூட்டினால் 7875 விநாடிகள், அதாவது 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. இங்கே ஒரு மின்வெட்டுச் சுற்று பொதுவாக இரண்டு மணி நேரம், சில சமயம் இரண்டரை, நகரத்துக்கு நகரம் நான்கு வரையும் போயிருக்கிறது. இரண்டு மணி நேரச் சுற்றை எடுத்துக்கொண்டால், மின்சாரம் திரும்பிக் கிளையின் கணினிகள் எல்லாம் புதிய இணைப்புகளைத் திறக்கும் அந்த நேரத்தில்தான், பழைய இணைப்புகள் இறந்தும் அகற்றப்படாமல் சர்வரில் உட்கார்ந்திருக்கின்றன. வேறு ஏதோ ஓர் உலகத்தை நினைத்து வகுக்கப்பட்ட அந்த இரண்டு மணி நேர எண், நம் ஊர் மின்வெட்டோடு இவ்வளவு துல்லியமாக மோதுவதை முதன்முறை கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நான்கு கிளைகள், ஒவ்வொன்றிலிருந்தும் 150 இணைப்புகள், தலைமை அலுவலகத்தில் 200 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் 800. வரம்பு 1024க்குள் நிம்மதியாக அடங்குகிறது. ஒரே சுற்றில் இரண்டு கிளைகள் இருளில் மூழ்கினால் 300 இணைப்புகள் இறக்கின்றன, ஆனால் எண்ணிக்கை குறைவதில்லை. மின்சாரம் வந்ததும் 300 புதியவை வருகின்றன. மொத்தம் 1100. வரம்பு உடைந்துவிட்டது. அதோடு நிற்பதும் இல்லை: பதில் கிடைக்காத பயன்பாடுகள் காத்திருந்து, கைவிட்டு, மீண்டும் முயல்கின்றன. அவற்றின் பழைய முயற்சிகளும் கெர்னலின் வரிசையில் நிற்பதால், சர்வர் ஓர் இடத்தை விடுவித்தவுடன் அதில் ஏற்றுக்கொள்வது, மறுமுனையில் யாரும் காத்திராத ஒரு பழைய கோரிக்கையாக இருக்கலாம். மின்சாரம் போகாத தலைமை அலுவலக ஊழியர்களுக்கும் லாகின் நின்றுபோவது இப்படித்தான்.

ஆகவே நாங்கள் முதலில் மாற்றியது வரம்பை அல்ல, காலக்கெடுவை. ஓப்பன்எல்டாப்பில் ஐடில் டைம்அவுட் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 0. அதாவது சும்மா இருக்கும் இணைப்பைச் சர்வர் தானாக ஒருபோதும் மூடாது. அதற்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால், அந்தக் காலம் கடந்தும் எந்தக் கோரிக்கையும் வராத இணைப்புகளை அது மூடிவிடும். லாகிலும் ஐடில் டைம்அவுட்டால் மூடப்பட்டது என்று காரணத்தோடு எழுதும். அந்தக் காரணம் எழுதப்படுவதை நான் பெரிதும் மதிக்கிறேன்: இணைப்பு தொலைந்தது, பயன்பாடே விடைபெற்றது, சும்மா இருந்ததால் மூடப்பட்டது என்று மூன்றையும் பிரித்து எண்ணிப் பார்த்தாலே அமைப்பின் உடல்நிலை தெரிந்துவிடும். 389 டைரக்டரி சர்வரில் இதற்கென்றே குறியீடுகள் உள்ளன. யு1 என்றால் முறையான விடைபெறல், டி1 என்றால் சும்மா இருந்ததால் மூடல், பி1 என்றால் மறுமுனை திடீரென்று அறுந்தது அல்லது புரியாத தரவு வந்தது.

காலக்கெடுவை எவ்வளவு வைப்பது என்பதற்கு நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. பயன்பாட்டின் கெடு மிகக் குறைவாகவும், சர்வரின் கெடு அதைவிடக் கூடுதலாகவும், இடையில் இருக்கும் ஃபயர்வாலின் கெடு இரண்டையும்விடக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். இணைப்பை முறையாக மூடத் தெரிந்தவர் முதலில் மூடட்டும் என்பதே இதன் பொருள். லினக்ஸ் கணினிகளில் லாகினைக் கவனிக்கும் எஸ்எஸ்எஸ்டி தன் இணைப்பை இயல்பாகவே 900 விநாடிகளில் புதுப்பித்துக்கொள்கிறது. எனவே சர்வரில் 1800 என்று வைத்தால் அதோடு மோதாது. ஃபயர்வாலில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தோம். இந்த வரிசை தலைகீழாக இருந்தால் வேறொரு தொல்லை தொடங்கும்: ஃபயர்வால் யாரிடமும் சொல்லாமல் இணைப்பை மறந்துவிடும், பயன்பாடு அதே இணைப்பில் காலையில் முதல் கோரிக்கையை அனுப்பும், அது எங்கும் போய்ச் சேராது. ‘காலையில் முதல் ஆள் மட்டும் லாகின் ஆக முடியவில்லை, இரண்டாவது முறை முயன்றால் சரியாகிவிடுகிறது’ என்ற புகார் வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கீப்அலைவ் மதிப்புகளையும் குறைத்தோம். 300 விநாடிகளுக்குப் பின் முதல் சோதனை, 30 விநாடி இடைவெளியில் 5 முறை என்று வைத்தால் ஏழரை நிமிடத்தில் இறந்த இணைப்பு அகற்றப்பட்டுவிடும். மின்சாரம் திரும்புவதற்கு வெகுநேரம் முன்பே இடம் காலியாகிவிடும். மின்வெட்டால் உண்டாகும் சிக்கலை மட்டும் தீர்க்க வேண்டுமென்றால் இந்த ஒரு மாற்றமே பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். உயிரோடு இருந்துகொண்டே இணைப்பை வீணாகப் பிடித்திருக்கும் பயன்பாடுகளுக்குத்தான் ஐடில் டைம்அவுட் தேவைப்படுகிறது. நகல் சர்வர்களுக்கிடையே தொடர்ந்து திறந்திருக்கும் இணைப்புகள் இந்த மாற்றங்களால் அறுபடாமல் இருக்கின்றனவா என்று தனியே சோதித்துக்கொள்வது நல்லது.

இனி, அப்படி வீணாகப் பிடித்திருப்பவர்களைப் பற்றி. லாகில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணோடு அக்செப்ட் வரி வரும். பிறகு பைண்ட் வரி, தேடல் வரிகள், கடைசியில் மூடிய வரி. மூடிய வரி இல்லாத எண்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றின் பைண்ட் வரியில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று பார்த்தால் பயன்பாடு பிடிபட்டுவிடும். டெபியன், உபுண்டு தொகுப்புகளில் லாக் நிலை இயல்பாக இந்த இணைப்பு விவரங்கள் ஒன்றையும் எழுதாதபடி வைக்கப்பட்டிருக்கும். அதை முன்கூட்டியே 256க்கு மாற்றி வைத்திருக்க வேண்டும். இங்கே இன்னொன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனி சர்வீஸ் கணக்கு கொடுங்கள். பல கணினிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் மறைக்கும் நாட் வழியாகக் கிளைகள் வருவதால் ஒரு கிளை முழுவதும் ஒரே முகவரியாகத்தான் தெரியும். எல்லாப் பயன்பாடுகளும் ஒரே கணக்கில் பைண்ட் செய்தால், அச்சு இயந்திரமா, சரக்குக் கணக்கு மென்பொருளா என்று பிரித்தறிய எந்த வழியும் இருக்காது.

நான் பார்த்தவற்றில் அதிகம் கசியவிடுபவை ஜாவாவில் எழுதப்பட்ட வணிகப் பயன்பாடுகள். ஜாவாவின் ஜேஎன்டிஐ நூலகத்தில் இணைப்புகளைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் பூல் வசதி உண்டு. ஆனால் அதில் நிரலாளர்கள் கவனிக்கத் தவறும் இயல்பு மதிப்புகள் பல. பூலின் உச்ச அளவுக்கு வரம்பு இல்லை. சும்மா இருக்கும் இணைப்பை மூடும் காலக்கெடுவும் இல்லை. பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கும் வரம்பு இல்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது, பூல் வசதி இயல்பாகக் குறியாக்கம் இல்லாத சாதாரண இணைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பது. பாதுகாப்புக் கருதி 389இலிருந்து 636க்கு மாற்றிய அன்று, நிரலில் ஒரு வரியும் மாறாமலே பூல் செயலிழந்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய இணைப்பும் குறியாக்கத்துக்கான ஒரு டிஎல்எஸ் கைகுலுக்கலும் நடக்கத் தொடங்கிவிடும். பூலின் நெறிமுறைப் பட்டியலில் எஸ்எஸ்எல்லையும் சேர்த்தால்தான் பழைய நடத்தை திரும்பும். அடுத்ததாக, தேடலின் முடிவுகளைப் பாதி படித்துவிட்டு மூடாமல் விடுவது. மூடாதவரை அந்த இணைப்பு பூலுக்குத் திரும்பாது. உங்கள் நிறுவனத்தின் நிரலாளர்களிடம் கேட்கத் தயங்காதீர்கள். இது அவர்கள் பக்கத்தில் சில வரிகளில் முடியும் வேலை. சர்வர் பக்கத்தில் எதைச் செய்தாலும் தீராத வேலை.

பழைய லினக்ஸ் கணினிகள் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தால், அவற்றில் பழைய எல்டாப் பெயர்த்தேடல் நூலகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஒவ்வொரு புரோசஸுக்கும் தனித்தனியே இணைப்பைத் திறக்கும் வழக்கமுடையது. எஸ்எஸ்எஸ்டிக்கு மாற்றினால் ஒரு கணினிக்கு ஓரிரு இணைப்புகளோடு முடிந்துவிடும். கடவுச்சொல்லைத் தற்காலிகமாகச் சேமிக்கும் அமைப்பை இயக்கி வைத்தால், இணைப்பே இல்லாத நேரத்திலும் ஏற்கெனவே அந்தக் கணினியில் நுழைந்தவர்கள் மறுபடி நுழைய முடியும். மின்வெட்டு உள்ள ஊரில் இதன் மதிப்பு மிகப் பெரிது.

இவையெல்லாம் முடிந்த பிறகு வரம்பை உயர்த்தலாம். இங்கும் ஒரு பொறி இருக்கிறது. பயனர் வரம்புகளை எழுதும் லிமிட்ஸ் கோப்பில் எண்ணை மாற்றிவிட்டு, சர்வரையும் மறுதொடக்கம் செய்துவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புபவர்கள் பலர். அந்தக் கோப்பைப் படிப்பது, லாகினைச் சரிபார்க்கும் பாம் அமைப்பு. அது பயனர்களின் லாகினுக்கு மட்டுமே பொருந்தும். சிஸ்டம்டி தொடங்கும் சேவைக்கு, அந்தச் சேவையின் யூனிட் கோப்பில் லிமிட்நோஃபைல் என்ற அமைப்பைத்தான் எழுத வேண்டும். எழுதிய பிறகு, இயங்கிக்கொண்டிருக்கும் புரோசஸுக்கு உண்மையில் எவ்வளவு வரம்பு இருக்கிறது என்பதை புரோக் கோப்பமைப்பில் அதன் எண்ணுக்குக் கீழே உள்ள லிமிட்ஸ் கோப்பில் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓப்பன்எல்டாப் தன் இணைப்பு அட்டவணையைத் தொடங்கும்போதே அந்த வரம்பின் அளவுக்கு ஒதுக்கிக்கொள்கிறது. ஆகையால் மறுதொடக்கம் கட்டாயம்.

அதே காரணத்தால், அளவுக்கு மீறி உயர்த்துவதும் கேடு. கன்டெய்னர்களுக்குள் ஓப்பன்எல்டாப்பை இயக்கும்போது சில இடங்களில் டிஸ்கிரிப்டர் வரம்பு பத்து லட்சத்துக்கு மேல் இருக்கும். ஒரு பயனர்கூட வராத நிலையிலேயே சர்வர் நூற்றுக்கணக்கான மெகாபைட் நினைவகத்தை விழுங்கிவிடும். அங்கே செய்ய வேண்டியது வரம்பைக் குறைப்பது. நாங்கள் 8192 என்று வைத்தோம். எங்கள் அளவுக்கு அது தாராளம்.

இணைப்பு வரம்பு என்று தோன்றி, உண்மையில் வேறொன்றாக இருக்கும் சிக்கலையும் சொல்ல வேண்டும். ஓப்பன்எல்டாப்பில் கோரிக்கைகளைக் கவனிக்கும் த்ரெட்கள் இயல்பாக 16தான். இணைப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் ஒரு நேரத்தில் வேலை நடப்பது இந்தப் பதினாறில்தான். விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் இல்லாத ஒரு பண்பின் (பதிவின் ஒரு புலத்தின்) மேல் யாரேனும் தேடல் நடத்தினால், ஒவ்வொரு தேடலும் முழு டைரக்டரியையும் படித்துக்கொண்டு த்ரெட்டைப் பிடித்துக்கொள்ளும், மற்றவர்கள் காத்திருப்பார்கள், காத்திருக்கும் பயன்பாடுகள் கூடுதல் இணைப்புகளைத் திறக்கும். எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து வரம்புதான் சிக்கல் என்று முடிவு கட்டிவிடுவோம். டைரக்டரி சர்வர் தன் நிலையைக் காட்டும் மானிட்டர் பகுதியில் இப்போதைய இணைப்புகளின் எண்ணிக்கையோடு, வேலையில் இருக்கும் த்ரெட்களையும் காத்திருக்கும் வேலைகளையும் சேர்த்தே பாருங்கள். காத்திருப்பு நீண்டு, டிஸ்கிரிப்டர்கள் மிச்சம் இருந்தால், லாகில் ‘இண்டெக்ஸ் செய்யப்படவில்லை’ என்ற வரியைத் தேடுங்கள். அந்த ஒரு பண்புக்கு இண்டெக்ஸ் சேர்த்ததும் எல்லாம் இயல்புக்குத் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். த்ரெட்களின் எண்ணிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு நூறாக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கிளைகள் இன்னும் பெருகினால், சர்வர்களுக்கு முன்னால் எல்டாப் மொழி புரிந்த ஓர் இடைநிலைச் சமன்படுத்தியை வைப்பது நல்ல வழி. ஓப்பன்எல்டாப் 2.5 பதிப்பிலிருந்து எல்லோட்டி என்ற பெயரில் அப்படி ஒன்று தொகுப்போடு வருகிறது. பயன்பாடுகளின் பல இணைப்புகளில் வரும் கோரிக்கைகளைச் சர்வருக்கான சில இணைப்புகளில் அது பகிர்ந்து அனுப்புகிறது. மின்சாரம் திரும்பும்போது எழும் அலையின் முதல் அடியை அது தாங்கிக்கொள்ளும். எங்கள் அளவுக்கு இன்னும் அது தேவைப்படவில்லை.

மாற்றங்களைச் செய்த பிறகு அடுத்த மின்வெட்டு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, கிளை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்தக் கிளையின் ரௌட்டரை மட்டும் அணைத்துவிடுங்கள். சர்வரில் அந்தக் கிளையின் இணைப்புகளை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கொண்டிருங்கள். கீப்அலைவ் சரியாக வேலை செய்தால் எட்டாவது நிமிடத்துக்குள் அவை ஏறக்குறைய முழுவதுமாக மறைய வேண்டும். எஞ்சியிருப்பவை எவை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு ரௌட்டரை இயக்கி, புதிய இணைப்புகளின் ஏற்றம் எங்கே போய் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த உச்ச எண்ணைக் கிளைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, தலைமை அலுவலகத்தின் எண்ணையும் கூட்டி, அதன் இரு மடங்கை லிமிட்நோஃபைலில் எழுதுங்கள். எச்சரிக்கை மணி அதில் எழுபது விழுக்காட்டில் அடிக்கட்டும்.